பெயர் இழந்தோர்க்குப் பெயர் மீட்ட கழகம்

(ஆசிரியர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைப்பொருள், அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் மறைக்கப்பட்ட வரலாற்றை மீட்டெடுத்த ஒரு கழகத்தின் தொண்டு. அக்கழகம் பழைய ஏடுகளைத் தேடியது, நூல்களை அச்சிட்டது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதித் தந்தது. படைக்கலம் ஏந்தாத அப்பணி ஒரு பேரரசின் பள்ளிகளையும் மன்றங்களையும் காலப்போக்கில் மாற்றியது. அஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிதல் ஆசிரியர்க்குச் சிறப்பாக வேண்டுவது. ஏனெனில் அக்கழகத்தைத் தாங்கி நின்றவர்களுள் பெரும்பாலார் ஊர்ப்பள்ளி ஆசிரியர்களே.

பிறந்தநாள் அறியாத பெருமகன்

ஒருவனுக்கு அவன் பிறந்த நாளைச் சொல்லாமல் விடுவது சிறு செயலாகத் தோன்றலாம். அச்சிறு செயலுக்குள் எத்துணைப் பெருங்கொடுமை அடங்கியிருந்தது என்பதற்குப் பிரடெரிக்கு தக்ளசு என்னும் பெருமகனின் வாழ்வே சான்று. மேரிலாந்து மாநிலத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் அவர். குதிரைக்கு வயது தெரியாதவாறு போலவே அடிமைக்கும் தன் வயது தெரியாது. வெள்ளைச் சிறுவர் தத்தம் வயதைச் சொல்லக் கேட்டு, தனக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது ஏன் என்று இளமையிலேயே அவர் உள்ளம் வெதும்பினார்.

பால்டிமோர் நகரில் அவர் வேலை செய்த வீட்டின் தலைவி சோபியா ஆல்டு என்பார் அவருக்கு நெடுங்கணக்கைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அதனைக் கண்ட கணவர் உடனே தடுத்துவிட்டார். படித்த அடிமை அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவர் அச்சம். அவ்வச்சத்தைக் கேட்ட சிறுவனுக்கு விடுதலைக்கான வழி அக்கணமே புலப்பட்டது. தெருவில் ஆடிய ஏழை வெள்ளைச் சிறுவர்க்கு வீட்டு அப்பத்தைக் கொடுத்து, அதற்கு ஈடாக எழுத்தைக் கற்றுக்கொண்டான் அச்சிறுவன். 1838-ஆம் ஆண்டில் தப்பி வடநாடு சேர்ந்த தக்ளசு, 1845-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். 1847-இல் சொந்தச் செய்தித்தாள் தொடங்கினார். நாடெங்கும் அறியப்பட்ட நாவலராய் உயர்ந்தார்.

இத்துணை உயர்ந்தும் பிறந்தநாள் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. பிப்ரவரித் திங்கள் 14-ஆம் நாளைத் தாமே தமக்குப் பிறந்தநாளாகத் தேர்ந்துகொண்டார். பிறந்த ஆண்டு 1817 என்று எண்ணியிருந்தார். அவர் 1895-இல் மறைந்து நெடுங்காலத்திற்குப் பின்னரே, பழைய ஆண்டையின் அடிமைக் கணக்கேட்டை ஆய்வாளர் கண்டெடுத்தனர். அதில் அவர் பிறப்பு 1818 பிப்ரவரி என்று குறிக்கப்பட்டிருந்தது. உடைமைக் கணக்கிற்காக ஆண்டை எழுதி வைத்திருந்த செய்தி, உரியவர்க்கு வாழ்நாள் முழுதும் மறைக்கப்பட்டது. ஏடு யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் வரலாறும் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எண்ணாக நின்ற மக்கள்

இக்கொடுமை ஒருவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க அரசு எடுத்த குடிக்கணக்கில் அடிமைகளுக்கெனத் தனி ஏடு இருந்தது. அவ்வேட்டில் ஆண்டையின் பெயர் முழுமையாக எழுதப்பட்டது. அவர்க்குக் கீழ், இத்துணை வயது, ஆண் அல்லது பெண், இன்ன நிறம் என்று அடிமைகள் வரிசையிடப்பட்டனர். மிகச் சில இடங்கள் நீங்கலாக அவர்தம் பெயர் எழுதப்படவில்லை. 1860-இல் அவ்வாறு எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 40 இலக்கம் மக்கள். விடுதலைக்குப் பின் 1870-இல் எடுத்த கணக்கில்தான் அவர்களுடைய பெயர்கள் முதன்முதலாக முழுமையாக ஏறின. இன்று தம் முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் பலவும் 1870-ஆம் ஆண்டு ஏட்டுக்கு அப்பால் செல்ல இயலாமல் நின்றுவிடுகின்றன.

பெயரை மறைத்தவர் எழுத்தையும் மறைத்தனர். தென்கரோலினா 1740-இலேயே அடிமைக்கு எழுதக் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. 1831-இல் வெர்சீனியா, கறுப்பினத்தாரைக் கூட்டிவைத்து எழுத்தறிவிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. உடலைக் கட்டச் சங்கிலி போதும். உள்ளத்தைக் கட்ட எழுத்தின்மையும் வரலாறின்மையும் வேண்டியிருந்தன.

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் 1896-இல் நாட்டின் தலைமை அறமன்றம், இனத்துக்கு இனம் தனித்தனி இடம் ஒதுக்குவது சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. பள்ளி வேறு, வண்டி வேறு, குடிநீர்க் குழாய் வேறு என்று நாடு பிளந்து நின்றது. பாட நூல்களோ அடிமை முறையை ஒரு நல்வளர்ப்பு முறைபோலக் காட்டின. 1915-இல் வெளிவந்த ஒரு திரைப்படம், கறுப்பினத்தாரைக் கொன்று திரிந்த முகமூடிக் கூட்டத்தை வீரராகப் போற்றியது. அது குடியரசுத் தலைவரின் மாளிகையிலேயே காட்டப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அக்கூட்டம் புத்துயிர் பெற்று மீண்டும் தோன்றியது. பொய் வரலாறு வெறும் தாளில் நிற்பதில்லை. அது கையில் கொள்ளியெடுத்துத் தெருவில் இறங்கும்.

சுரங்கத்தில் தொடங்கிய கல்வி

அதே 1915-ஆம் ஆண்டில்தான் மாற்று முயற்சியும் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் கார்ட்டர் ஊட்சன். 1875 திசம்பர் 19-ஆம் நாள் வெர்சீனியாவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் முன்னாள் அடிமைகள். தந்தைக்கு எழுத்தறிவு இல்லை. வயல் வேலை போக எஞ்சிய நாள்களிலேயே ஊட்சன் பள்ளிக்குச் செல்ல முடிந்தது. இளமையில் மேற்கு வெர்சீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கி உழைத்தார்.

அச்சுரங்க ஊரில் ஒலிவர் சோன்சு என்னும் கறுப்பினத் தொழிலாளி இருந்தார். உள்நாட்டுப் போரில் போரிட்டவர். தம் வீட்டிலேயே சுரங்கத் தொழிலாளர்க்குச் சிற்றுண்டி விற்று வந்தார். படிக்கத் தெரியாத அவர், கறுப்பின மக்களைப் பற்றிய நூல்களை வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார்! செய்தித்தாள்களையும் அந்நூல்களையும் படித்துக் காட்டும் வேலையை இளைஞர் ஊட்சனிடம் ஒப்படைத்தார். பழமும் பனிக்கூழும் அதற்குக் கூலி. மாலை வேளையில் கரி படிந்த உடலோடு தொழிலாளர் சூழ்ந்திருப்பர், ஊட்சன் படிப்பார், படித்து முடித்ததும் போரில் தாம் கண்டதையும் அடிமை வாழ்வில் தாம் பட்டதையும் முதியோர் எடுத்துரைப்பர். அச்சில் இல்லாத வரலாறு மக்கள் நாவில் இருப்பதை ஊட்சன் அங்கே உணர்ந்தார். எழுத்தறியாதோர் அறிவறியாதோர் அல்லர் என்பதையும் அங்கேயே கற்றார்.

இருபதாம் அகவையில்தான் அவரால் உயர்நிலைப் பள்ளியில் சேர முடிந்தது. இரண்டாண்டுக்குள் அதனை முடித்தார். கெந்தக்கி மாநிலத்தில் இரு இனத்தாரும் ஒருங்கே பயின்ற பெரியா கல்லூரியில் 1903-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அம்மாநிலம் இரு இனத்தாரும் ஒருங்கு கற்பதைச் சட்டத்தால் தடைசெய்தது. பிலிப்பைன் தீவுகளில் சில ஆண்டு ஆசிரியப் பணி ஆற்றிய பின், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1912-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவரானார். ஆர்வர்டில் அப்பட்டம் பெற்ற கறுப்பினத்தாருள் அவர் இரண்டாமவர். 1895-இல் பெற்ற தூ பாயிசு முதல்வர். அடிமைகளாயிருந்த பெற்றோர்க்குப் பிறந்து வரலாற்றில் முனைவரானவர் ஊட்சன் ஒருவரே.

கழகம் தோன்றுதல்

1915 செப்டம்பர் 9-ஆம் நாள் சிக்காகோவில், ஓர் இளைஞர் மன்றக் கட்டடத்தில், ஊட்சனும் நண்பர் சிலரும் கூடிக் கழகத்தை நிறுவினர். நீக்ரோ வாழ்வு வரலாற்று ஆய்வுக் கழகம் என்பது அதன் பெயர். அக்காலத்தில் அம்மக்களே மதிப்போடு வழங்கிய பெயர் அது; பின்னாளில் அவர்களே அதனைக் கைவிட்டனர். 1972-இல் கழகமும் அச்சொல்லை நீக்கிப் பெயர் மாற்றிக்கொண்டது. இன்று ஆப்பிரிக்க அமெரிக்கர் என்னும் சொல்லே அதன் பெயரில் உள்ளது. தன்னை எப்பெயரால் அழைக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் ஓரினத்தின் உரிமையே.

1916 சனவரியில் கழகத்தின் ஆய்விதழ் வெளிவந்தது. முதல் இதழின் செலவை ஊட்சன் தம் கைப்பொருளால் ஏற்றார். 1921-இல் கழகத்துக்கெனத் தனிப் பதிப்பகம் கண்டார். கறுப்பினத்தாரைப் பற்றிய உண்மையான நூல்களை வெள்ளைப் பதிப்பகங்கள் வெளியிடத் தயங்கியதே அதற்குக் கரணியம். 1922 முதல் வாசிங்டன் நகரின் ஒன்பதாம் தெருவில் இருந்த அவர் வீடே கழகத்தின் பணிமனையும் ஆயிற்று. கீழே நூற்கட்டுகள், மேலே அவர் உறையும் அறை. திருமணம் செய்துகொள்ளாத அவர்க்குக் கழகமே குடும்பம். நூற்கட்டுகளைக் கட்டி அனுப்பும் வேலையைக்கூடத் தாமே செய்வார். 1950 ஏப்பிரல் 3-ஆம் நாள் அவ்வீட்டிலேயே அவர் உயிர் நீத்தார்.

கைப்பொருளும் தன்மானமும்

இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கேட்டல் வேண்டும். தொடக்கத்தில் கார்னகி, இராக்பெல்லர் முதலிய பெருஞ்செல்வர்தம் அறநிலையங்கள் கழகத்துக்குப் பொருள் வழங்கின. சில ஆண்டுகளில், கழகம் ஏதேனும் ஒரு கல்லூரியோடு இணைந்துவிட வேண்டும் என்று வற்புறுத்தல் எழுந்தது. இணைந்தால் பொருள் வரும், தன்னுரிமை போகும். ஊட்சன் மறுத்துவிட்டார். 1930-களில் அப்பொருள் வரவு வற்றியது.

கழகம் அதனால் மாளவில்லை. ஆசிரியர், செவிலியர், வழிபாட்டு மன்றத்தார், மகளிர் கழகத்தார், தொழிலாளர் ஆகியோர் சிறுசிறு தொகையாக அனுப்பிக் கழகத்தைக் காத்தனர். தனிப்பிரிவினைப் பள்ளிகளில் குறைந்த சம்பளம் பெற்ற கறுப்பின ஆசிரியர்களே அவர்களுள் முன்னின்றவர்கள். செல்வர் ஒருவர் கொடை நின்றால் நிறுவனம் சாயும். பல்லாயிரவர் கைக்காசு சேர்ந்தால் அது மக்களின் உடைமையாகும்.

1936 முதல் 1951 வரை கழகத்தின் தலைவராயிருந்தவர் மேரி மக்லியோடு பெத்தூன் அம்மையார். அப்பதவி ஏற்ற முதற்பெண்மணி. அவரும் முன்னாள் அடிமைகளின் மகளே. 1904-இல் புளோரிடாவில் ஒன்றரைத் தாலர் முதலோடு ஐந்து சிறுமியர்க்குப் பள்ளி தொடங்கி, அதனைக் கல்லூரியாக வளர்த்தவர். ஆய்விதழ் அறிஞர்க்கு மட்டும் பயன்பட்டால் போதாது, பள்ளிப் பிள்ளைக்கும் ஒரு தாளிகை வேண்டும் என்று அவர் தூண்ட, 1937-இல் எளிய நடையில் வரலாற்றுத் திங்களிதழ் ஒன்று தொடங்கிற்று.

ஒரு கிழமை

கழகத்தின் பணிகளுள் உலகறிந்தது 1926-இல் தொடங்கிய வரலாற்றுக் கிழமை. பிப்ரவரித் திங்களின் இரண்டாம் கிழமையை ஊட்சன் தேர்ந்தார். 12-ஆம் நாள் ஆபிரகாம் இலிங்கன் பிறந்தநாள். 14-ஆம் நாள் தக்ளசு பெருமகன் தேர்ந்துகொண்ட பிறந்தநாள். கறுப்பின மக்கள் அவ்விரு நாள்களையும் முன்பே கொண்டாடி வந்தனர். பிறந்தநாள் மறுக்கப்பட்டவர் தாமே எடுத்துக்கொண்ட நாள், ஓரினம் முழுவதும் தன் பெயரை எடுத்துக்கொள்ளும் நாளாயிற்று.

முதல் ஆண்டிலேயே வடகரோலினா, தெலாவேர், மேற்கு வெர்சீனியா ஆகிய மாநிலங்களின் கல்வித் துறைகளும் பால்டிமோர், வாசிங்டன் நகரங்களின் பள்ளி ஆட்சியாளரும் ஒத்துழைத்தனர். கழகம் படங்கள், பாடக் குறிப்புகள், சிறு நாடகங்கள் ஆகியவற்றைக் கட்டுக்கட்டாக அனுப்பியது.

அவ்விழாவின் நோக்கத்தை ஊட்சன் தெளிவாக வரையறுத்தார். ஆண்டு முழுவதும் மாணவர் கற்றதை ஊரார்முன் காட்டும் நாள்களே அக்கிழமை. ஐம்பத்தொரு கிழமை வாளாவிருந்து ஒரு கிழமை மேளம் கொட்டுவதை அவர் விரும்பவில்லை. கறுப்பினத்தார்க்கெனத் தனியே ஒரு வரலாறு புனைவதும் அவர் கருத்தன்று. மாந்த இன வரலாற்றில் கறுப்பினத்தார் ஆற்றிய பங்கை அதற்குரிய இடத்தில் வைத்தலே அவர் கருத்து. அவ்விடம் உரியவாறு நிரம்பிவிட்டால் தனிக் கிழமையே வேண்டாததாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

1933-இல் அவர் வெளியிட்ட நூலில், கறுப்பின மாணவர்க்கு வழங்கப்பட்ட பிறழ்கல்வியை ஆராய்ந்தார். தன்னினம் ஒன்றும் செய்ததில்லை என்று நாள்தோறும் கற்கும் மாணவன், தன்னைத் தாழ்த்துவார்க்குத் தானே துணையாகிவிடுவான் என்பது அந்நூலின் சாரம்.

மெய்யே வரலாறு

தன்னினத்தைப் போற்றுவோர் பலர் புகழ்ச்சியில் இறங்கிவிடுவர். ஊட்சன் அவ்வாறு செய்யவில்லை. 1830-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைத் துருவி, அடிமைகளை உடையராயிருந்த கறுப்பினத்தாரின் பெயர்ப் பட்டியலை 1924-இல் கழகமே வெளியிட்டது. தன்னினத்துக்கு இழுக்கென்று அதனை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அவருள் பலர் தம் மனைவி மக்களையே விலைகொடுத்து மீட்டவர். விடுதலை செய்தவரை மாநிலத்தை விட்டு வெளியேற்றும் சட்டங்கள் இருந்தமையால் ஏட்டளவில் அடிமையாகவே வைத்திருந்தவர் என்று விளக்கினார். ஆதாயத்துக்காக அடிமை வைத்திருந்தாரும் உண்டு என்பதையும் ஒளிக்கவில்லை. மாற்றார் பொய்க்கு மாற்று நம் பொய் அன்று; மெய் ஒன்றே மாற்று. கழகத்தின் சொல் அறிஞர் அவையில் நின்றதற்கு இந்நேர்மையே அடிப்படை.

நிகர்மைக்கு அடிகோலுதல்

வரலாறு கற்பதால் வயிறு நிறையுமா, வாக்குரிமை வருமா என்று கேட்பாருண்டு. விடை நிகழ்ச்சிகளிலேயே இருக்கிறது. தனிப்பிரிவினைப் பள்ளிகளில் அவ்வரலாற்றுக் கிழமையைக் கொண்டாடி வளர்ந்த தலைமுறையே பின்னர் உரிமைப் போரில் இறங்கியது. 1954-இல் பள்ளிப் பிரிவினை சட்டத்துக்கு மாறானது என்று தலைமை அறமன்றம் தீர்த்தது. 1964-இல் மிசிசிப்பியில் தொண்டர்கள் நடத்திய விடுதலைப் பள்ளிகளில் வாக்குரிமைப் பாடத்தோடு கறுப்பின வரலாறும் கற்பிக்கப்பட்டது. அவ்வாண்டில் குடியுரிமைச் சட்டமும் 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் பிறந்தன. இவையெல்லாம் கழகத்தால் மட்டும் விளைந்தன எனல் மிகை. தன்னை மதிக்கக் கற்றவனே தன் உரிமையைக் கேட்கத் துணிவான் என்பது மிகையன்று.

மாணவர் எழுச்சியால் அக்கிழமை திங்களாக விரிந்தது. ஒகையோவின் கெண்டு மாநிலப் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவரும் ஆசிரியரும் 1969-இல் அதனை முன்மொழிந்து 1970-இல் நடத்திக் காட்டினர். 1976-இல் கழகமே அதனை ஏற்றது. குடியரசுத் தலைவர் போர்டு நாட்டு மக்களை அதில் பங்குகொள்ள அழைத்தார். பிரித்தானியாவில் 1987 முதல் அக்டோபர்த் திங்கள் அவ்வாறே போற்றப்படுகிறது. 1926-இல் தொடங்கிய அவ்விழாவுக்கு 2026 நூறாம் ஆண்டு.

நூறாண்டாயினும் பணி முடிந்துவிடவில்லை. 2023 சனவரியில் புளோரிடா மாநிலக் கல்வித்துறை, உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென வகுத்த ஆப்பிரிக்க அமெரிக்கர் பற்றிய பாடத்தை ஏற்க மறுத்தது. அதே ஆண்டில் கழகம் தன் ஆண்டு மாநாட்டை அம்மாநிலத்தின் சாக்சன்வில் நகரிலேயே கூட்டியது. வரவேற்பு உள்ள இடத்தில் மட்டும் பேசுவது எளிது. மறுப்பு எழுந்த இடத்திற்கே சென்று பேசுவதுதான் உறுதிப்பாடு.

முடிவாக

ஆசிரியப் பெருமக்களே! இக்காலத்தில் இன நிகர்மையைப் போற்றுவதாக அறிக்கை விடும் நிறுவனங்கள் பல. பிப்ரவரியில் படமொன்று மாட்டி, மாலையொன்று சூட்டி, மார்ச்சில் அதனைக் கழற்றிவிடுவாரும் அவருள் உண்டு. ஊட்சனின் கழகம் அத்தகையார்க்கு ஓர் உரைகல். ஆண்டு முழுவதும் உழைக்கிறதா? தன்மானத்தை விற்காமல் பொருள் திரட்டுகிறதா? எளிய மக்களின் நாவிலுள்ள வரலாற்றை மதிக்கிறதா? தன்னினத்தின் குறையையும் மறையாமல் சொல்கிறதா? எதிர்ப்புள்ள இடத்தில் நிற்கிறதா? இவ்வைந்து வினாவுக்கும் ஆம் எனும் நிறுவனமே நிகர்மைக்கு உண்மையில் உழைப்பது.

இன்றும் வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் வருகை ஏட்டைத் திறந்து பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். பெயர் படிக்கப்பட்ட பிள்ளை நிமிர்ந்து விடை தருகிறது. அவ்வெளிய செயல் ஒரு காலத்தில் 40 இலக்கம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அப்பெயர்களை ஏட்டில் மீண்டும் எழுத ஒரு சுரங்கத் தொழிலாளி தம் வாழ்நாளைக் கொடுத்தார். ஓராயிரம் ஊராசிரியர் தம் கைக்காசைக் கொடுத்தனர். எந்த ஏட்டிலும் எந்த இனத்தின் பெயரும் விடுபடாமல் காப்பது ஆசிரியர் கடன். அக்கடனை உணர்ந்து ஆற்றுக!